முறை எழுதாத கடிதம்

அருள்,

எஸ்தருக்கு நீ எழுதிய கடிதத்தை அவளுக்கு அனுப்பாமல் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று கூட்டிய ஜெபக்கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தது, அவள் அப்பா தாசு அண்ணன் செய்த தவறு. அவர் வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொண்டது நீ செய்த தவறு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தது உன் அப்பா செய்த தவறு. அந்தப் பெண் இன்னமும் குண்டு விழும் ஊரில்தான் இருக்கிறாள். திரும்பி வர விமானத்தில் இடம் கிடைத்தும் வராமல் இருக்கிறாள். போர்தான் காரணம் என்று உறவெல்லாம் பேசிக்கொள்கிறது. போர் இல்லை. நாம்தான்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நம் உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். தினமும் காலையில் அதில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள் ஒரு நாள் இதையும் படிக்கட்டும். உன் கடிதத்தை உன்னைக் கேட்காமல் ஊர் கேட்டது. என் கடிதத்தை நானே ஊருக்குக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வேலைக்குப் போகக் கம்பெனி வண்டிக்காகக் காத்து நின்ற காலத்தில், கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று போகிற வருகிற பேருந்துகளின் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். பிறகு நீயும் எஸ்தரும் நம் வீட்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதுவீர்கள் அல்லவா, அப்போது அடுப்பங்கரையிலிருந்தே காதைக் கொடுத்து மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் இதை யாரிடமும் திருத்தக் கொடுக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

சண்டை முறையைப் பற்றித்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் குடும்பத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் விளங்கட்டும். தாசு அண்ணனின் தாத்தாவும் உன் அப்பாவின் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அந்த வழியில் தாசு உன் அப்பாவுக்கு அண்ணன், உனக்குப் பெரியப்பா. எஸ்தர் உனக்குத் தங்கை. ஆனால் எஸ்தரின் அம்மா லில்லி யார்? என் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி ஒருவர் இருந்தார், அவருடைய மகள். எனக்கு மாமன் மகள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அண்ணியைக் கட்டியவர் எனக்கு அண்ணன். அந்த வழியில் தாசு உனக்கு மாமா. எஸ்தர் உனக்கு மாமன் மகள், கட்டிக்கொள்ளும் முறை. இரண்டு வழியும் உண்மை. நம் ஆட்கள் ஒரே நிலத்தில் கூலிக்கு இறங்கி, நாலு தெருவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இப்படி இரண்டு வழி ஓடாத வீடு நம் பக்கத்தில் ஏது? கல்யாணப் பேச்சு வந்தால்தான் எந்த வழியை எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசுவார்கள். அதுவரை அவரவர் வாய்க்குப் பழகியதைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எஸ்தருக்குப் பேச்சு வந்தபோது அவள் அப்பா உன் அப்பாவைக் காட்டிச் சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அம்மா என்னைக் காட்டி அத்தை என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, அத்த ஊட்ல இல்லியா?" என்று கத்துவாள். தெருவே சிரிக்கும். உன் அப்பா அவள் காதைப் பிடித்து, "ஏம்மே, ஒண்ணு என்ன மாமான்னு கூப்புடு, இல்லாங்காட்டி அவள சித்தின்னு கூப்புடு. நீ இப்டி கூப்ட்டுக்கினு இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் ஆன கல்யாணமே செல்லாது" என்பார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "செல்லாட்டி போவட்டும். நீ தனியா ஆக்கித் துண்ணு, நான் அத்தகூட இருந்துக்குறேன்" என்பாள். நீ தாசுவை மாமா என்றே கூப்பிட்டாய். அவரும் மாமாவாகவே உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. திருத்தணியில் உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். நான் யாரைக் கூப்பிடுவது என்று விழித்துக்கொண்டு நிற்கையில், தாசு அண்ணன் தானாக முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர்கள் வேதக்காரர்கள், கோயிலுக்கு வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். "முருகனும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஏசுவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இவன் ஒருத்தன்தான் கத்துவான், குடு இங்க" என்று உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் நீ அவருடைய புது வேட்டியை நனைத்துவிட்டாய். "மாமன் சீர் செய்யறதுக்குள்ள மருமவன் செஞ்சிட்டான்யா" என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவரும்தான். அந்த ஈர வேட்டியோடுதான் ரயிலேறி வந்தார். நான் அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், எனக்கும் பிறந்த வழி என்று ஒன்று இருக்கிறது, அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று. இதை நீ மறந்தால் பரவாயில்லை, கைக்குழந்தை. அவர் மறந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எஸ்தர் நர்ஸ் படித்தாள், வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீ ஐடிஐ முடித்ததும், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்த தாசு அண்ணன் உன்னை அங்கேயே சேர்த்துவிட்டார். அந்த நன்றி எனக்கும் உண்டு. பிறகு அந்தப் பக்கத்தில் போர் மூண்டது. விமானம் நின்றுபோனது. அவளைத் திருப்பி வரவழைக்க மனு கொடுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பெரியபாளையம் வழியாகப் பேருந்து பிடித்துத் திருவள்ளூர் போனோமே, அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு நீங்க இன்னா வேணும்?" என்றார். அத்தை என்றேன். உன் அப்பாவைக் கேட்டார். சித்தப்பா என்றார். "சரி, நீங்க ரெண்டு பேரும்?" புருஷன் பெண்டாட்டி என்றோம். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். "இத்த எழுதினா கலெக்டர் பொண்ண வுட்டுட்டு உங்கள விசாரிப்பாரும்மா." காலையிலிருந்து அழுதுகொண்டே வந்த லில்லி அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். தாசு அண்ணன்தான் குனிந்து அவர் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார். "ரெண்டும் எழுது சார். எம் பொண்ணுக்கு எல்லா மொறையும் வேணும். எந்த மொறை இஸ்துக்கினு வருதோ வரட்டும்" என்றார்.

அருள், அவர் சொன்ன சொல் அது. எல்லா முறையும் வேண்டும் என்றார். மகள் உயிர் ஊசலாடும்போது என் வழியும் அவருக்குத் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது. நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். "சைரன் அடிச்சா பேஷண்ட எல்லாம் தள்ளிக்கினு கீழ பேஸ்மெண்டுக்கு ஓடணும்டா" என்றாள். நீ, "இங்கயும் அதான் கதை. சங்கு ஊதினா கம்பெனிக்கு ஓடணும்" என்றாய். "உனுக்கு ஊதுறது கம்பெனி சங்குன்னு உனுக்குத் தெரியும். எனுக்கு ஊதுறது எந்தச் சங்குன்னே தெரிலடா" என்று அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. அவள்தான் பேச்சை மாற்றினாள். கீழே டவர் கிடைக்காது, சார்ஜ் போட முடியாது, மேலே எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. "எதுனா பேப்பர்ல எழுதி அனுப்புடா. மடிச்சி யூனிபார்ம் பாக்கெட்ல வச்சிக்குவேன். ஒரு லைட்டு எரியும், அதுல படிப்பேன்." நீ, "இன்னாத்த எழுதுறது?" என்றாய். "எதுனா. ஊர்ல நடக்கிறத எழுது. எல்லாம் நல்லாகீதுன்னு பொய் மட்டும் எழுதாத."

நீ எழுதினாய். வேலை இல்லாத ஒரு மத்தியானம் முழுவதும் எழுதினாய். நான் எட்டிப் பார்க்கவில்லை. விமானம் ஒன்றிரண்டு ஓட ஆரம்பித்ததும் ஆரணிக்காரர் ஒருவர் அந்த ஊருக்கே வேலைக்குத் திரும்பினார். அவர் கையில் கொடுத்தனுப்ப லில்லி அண்ணி பூண்டு ஊறுகாயும் பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கட்டினாள். நீ உன் தாளைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் மேலே வைத்தாய். உறையில் போட்டு ஒட்டக்கூட இல்லை. மறைக்க ஏதாவது இருந்திருந்தால் ஒட்டியிருப்பாய். ஊறுகாய் போய்ச் சேர்ந்தது. எள்ளுருண்டை போய்ச் சேர்ந்தது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டும்போது தாசு அண்ணன் தாளை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் முழங்காலில் நின்று மன்றாடினார். எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் போன பிறகு டீ வந்தது. அப்போதுதான் தாசு அண்ணன் பையிலிருந்து தாளை எடுத்தார். முதல் வரியிலேயே நிறுத்தினார். "'அன்புள்ள எஸ்தருக்கு.' இன்னாடா இது? மொறை எங்க? பள்ளிக்கூடத்துல தங்கைக்குன்னு எழுதச் சொல்லித் தரல?" யாரோ பின்னாலிருந்து, "எழுத வேண்டியத எழுதல, அப்போ வேற எத்தையோ எழுதிக்கிறான்" என்றார்கள். பிறகு முழுவதையும் வாசித்தார். நான் ஒரு தடவைதான் கேட்டேன், எல்லாம் நினைவிருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டேன் என்று ஆரம்பித்திருந்தாய். அவர்கள் வீட்டு நாய் உன்னைப் பார்த்தால் வாலாட்டிவிட்டு உன் முதுகுக்குப் பின்னால் அவளைத் தேடுகிறது என்று எழுதியிருந்தாய். முன்பெல்லாம் சங்கு ஊதினால் சோறு நினைவுக்கு வரும், இப்போது அவள் படி இறங்குவது நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். சைரன் அடித்தால் கீழே இறங்கும் முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, நான் எடுக்க மாட்டேன், நீ மேலே வந்து இன்னொன்று கொடுக்கும் வரைக்கும் படுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த 'படுக்க மாட்டேன்' என்பதை அவர் இரண்டாம் தடவை வாசித்தார். ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அந்த மனிதருக்கு என்ன வந்தது என்று நான் யோசிக்காமல் இல்லை. மகள் அங்கே கிடக்கிறாள். குண்டு போடுகிறவனை அவர் என்ன செய்ய முடியும்? கையில் கிடைத்தது ஒரு தாளும் ஒரு பையனும். அது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

நான் எழுந்தேன். "அண்ணா, அவ பேச்சு வந்த நாள்லேர்ந்து என்ன அத்தைன்னுதான் கூப்புடுறா. அவன் மொறைய எழுதலன்னா தப்பாட்டம் ஆடுறான்னு ஆயிடுமா? எந்த மொறைய எழுதுறதுன்னு அவனுக்குத் தெரில, வுட்டுட்டான்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், உன் அப்பாவைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னார்: "பொம்பள வழி மொறையெல்லாம் ஒரு மொறையா? நீ இவனக் கட்டிக்கினு வந்த அன்னிக்கே உன் மொறை முடிஞ்சிபோச்சி." அப்படியானால் திருத்தணியில் எந்த முறையில் மடியில் உட்கார வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஆள் இல்லாததுக்கு உக்காந்தேன்" என்றார்.

ஆள் இல்லாததுக்கு. இந்தச் சொல்லை நான் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோவேன்.

அப்போதுதான் எஸ்தரின் போன் வந்தது. எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசட்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்த நேரம். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டு, "உங்கண்ணன் இன்னா சொல்றான்னு கேளு" என்று உன் முகத்துக்கு நேரே நீட்டினார். நீ எழுந்தாய். "தங்கச்சின்னு நெனச்சிதான் எழுதினேன், பெரியப்பா" என்றாய். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்ட வாய். அந்த அறையில் முதல் தடவையாகப் பெரியப்பா என்றது. என் காதில் தங்கச்சியைவிட அதுதான் அறைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள், "எந்த லெட்டர்டா?" என்றாள். "எனுக்கு ஒண்ணும் வரலியே" என்றாள். உன் கடிதத்தைக் கேட்டு வாங்கியவள் அவள். அதில் என்ன இருந்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, அவளைத் தவிர. தாசு அண்ணன் இரண்டு வரி சொன்னார், அதுவும் எந்த இரண்டு வரி என்று உனக்குத் தெரியும். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "வுடும்மா, பேஜாரு புடிச்ச விஷயம். தங்கச்சின்னு சொன்னதுல இன்னா கொறஞ்சிபோச்சி? அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாய். அவளுக்கு என்ன நல்லது நடந்தது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி அவளுக்கு ஊர் திரும்ப விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது. அதைக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். லில்லி அண்ணி அழுது கூப்பிட்டதற்கு, "வந்து இன்னா பண்ண? யாரு ஊட்டுக்குப் போனா நான் யாருன்னு கேட்டுக்கினு நிக்கவா? இங்க சைரன் அடிச்சா எங்க ஓடணும்னாவது தெரியுது" என்றாளாம். அண்ணி இதைத் தன் புருஷனிடம் சொல்லவில்லை. என்னிடம் வந்து சொல்லி அழுதாள். உனக்கு என்ன நல்லது நடந்தது? கம்பெனியின் காக்களூர் கிளைக்கு மாற்றினார்கள். அறை எடுத்துத் தங்கியிருக்கிறாய். இப்போது திருவாலங்காட்டில் ஒரு பெண் இருப்பதாகத் தாசு அண்ணன் சொல்ல, சரி என்று தலையாட்டியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறீர்களாம்.

உன்னை நான் அடித்து வளர்க்கவில்லை. ஏழாம் வகுப்பில் நீ பக்கத்து வீட்டு சைக்கிளை ஏரியில் தள்ளிவிட்டு, நான்தான் தள்ளினேன் என்று நீயே போய்ச் சொன்னாய். அவர்கள் அடித்தார்கள். வீங்கிய கன்னத்தோடு வந்து சோறு கேட்டாய். அன்றைக்கு நான் பட்ட பெருமையை உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு ஒழுங்காக வேலை செய்து கொடு. அவர் வந்தால் எழுந்து நில். அவருக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் போய்த் துணைக்குப் படு. உன் வாயில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விடாதே. அதை ஒரு தடவை கொடுத்துவிட்டால் பிறகு யாரைக் கட்டுவது, எங்கே குடியிருப்பது, பிள்ளைக்கு என்ன பெயர் என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே நிற்பாய். உன் அப்பாவைப் பார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் இந்த வீட்டில் ஒரு பிரச்சினை வந்தபோதெல்லாம் அவர் கையில் ஒரு டீ டம்ளர் இருந்திருக்கிறது.

எஸ்தரை உனக்குக் கட்டிவைக்கத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று பேசுவார்கள். பேசட்டும். நீ அவளுக்கு எந்த நினைப்பில் எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கே எழுதும்போது தெரிந்திருக்காது, அதனால்தான் முறை போடாமல் விட்டாய் என்று நினைக்கிறேன். அது தப்பில்லை. தங்கச்சி என்பதுதான் உண்மை என்றால் அதுவும் எனக்குச் சம்மதம். பயத்தில் சொன்ன தங்கச்சி எனக்குச் சம்மதமில்லை. அது தங்கச்சி என்ற சொல்லுக்கே கேவலம்.

போன வாரம் அவள் என்னைக் கூப்பிட்டாள். ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவை. "அத்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டாள். "உங்கள இப்ப நான் இன்னான்னு கூப்புடணும்?" என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகத் தெரியாமல் கேட்டாள். பேச்சு வந்த நாள் முதல் கூப்பிட்டதைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். பின்னால் ஏதோ அலறியது, வைத்துவிட்டாள்.

ஆகவே நடக்க வேண்டியது இது. தாசு அண்ணன் உன் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து, பீரோவிலிருந்து, எங்கே வைத்திருந்தாலும் அங்கிருந்து எடுத்து, அதே ஆரணிக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்துப் போகிறவர் கையில் அனுப்ப வேண்டும். அவர்தான் போக வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. அடுத்த ஜெபக்கூட்டத்தில், டீ வருவதற்கு முன்னால், பாஸ்டர் இருக்கும்போதே, அது என் மகளுக்கு வந்த கடிதம், நான் எடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சிரித்தவர்கள் அன்றைக்கும் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். திருத்தணியில் ஆள் இல்லாததுக்குத்தான் உட்கார்ந்தாரா என்பதை அவர் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும்.

லில்லி அண்ணி, நீ என் அடுப்படியில் வந்து அழுதது போதும். உன் மகள் ஏன் வரவில்லை என்பதை உன் புருஷனிடம், அவள் சொன்ன அதே சொல்லில் சொல்ல வேண்டியவள் நீ. நான் உனக்கு யார் என்பதையும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். நம் வழி முடிந்துபோயிற்று என்று உன் புருஷன் சொன்னபோது நீ தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதையும் நான் பார்த்தேன்.

உன் அப்பா டம்ளரைக் கீழே வைக்க வேண்டும். தாசு அண்ணனிடம் போய், நீ வாசித்தது என் மகன் எழுதியது, என்னைக் கேட்டாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுவரைக்கும் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

நீ ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுக்குப் போகக் கூடாது. முகம் தெரியாத அந்தப் பெண் ஒரு பாவமும் செய்யவில்லை, அவளை இந்தச் சேற்றில் இழுக்காதே. அன்றைக்கு அறையில் உட்கார்ந்து எஸ்தரைக் கூப்பிடு. அவள் எடுக்க மாட்டாள், மறுபடியும் கூப்பிடு. எடுத்தால், கடிதத்தில் இருந்ததை முதல் வரியிலிருந்து சொல், நாயையும் சொல். பிறகு அவள் உனக்கு யார் என்று சொல். பெரியப்பா சொன்னதை இல்லை, அம்மா நினைக்கிறதையும் இல்லை. பொய் மட்டும் வேண்டாம் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

எஸ்தர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் வரட்டும். வந்து நம் வாசலில் நிற்கும்போது எங்களில் ஒருவரை இனி அவள் வேறு பெயரில் கூப்பிட வேண்டியிருக்கும். ஒன்று நான் சித்தியாவேன், இல்லையென்றால் உன் அப்பா மாமாவாவார். எதுவானாலும் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். எது என்று சொல்ல வேண்டியவன் நீ.

அம்மா